அங்கே வழி இல்லை

இப்போதெல்லாம் தனியாளாக உட்கார்ந்து தன் சொந்தக் கதையைக் கம்ப்யூட்டர் விளையாட்டாகச் செய்கிறவர்களுக்கு மரியாதையான பெயர்கள் இருக்கின்றன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடியில் நான் அதைச் செய்தபோது அதற்கு ஒரே பெயர்தான்: வெட்டி வேலை. பெயர் சூட்டியவர் என் அம்மா. சாப்பிடக் கூப்பிடும்போதுகூட "ஏ வெட்டி, வா" என்றுதான் கூப்பிடுவார்.

நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியாராக இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டு, பிறகு தத்தித் தத்தித் தாண்டியவன் ஊருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தான் என்றால் ஊரின் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். சென்டர் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் இருந்தது. அதற்கு முன் அது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். முதலாளி உள்ளூர்க்காரர், தங்கமான மனிதர், டைப்ரைட்டர்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு நடுவில் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்து, போர்டை மாற்றியிருந்தார். செருப்போடு உள்ளே வந்தால் மெஷினுக்கு வைரஸ் வந்துவிடும் என்று அவர் நம்பினார். அதை அவருக்குச் சொன்னது நான்தான். நானும் நம்பினேன்.

மத்தியானத்தில் மாணவர்கள் வர மாட்டார்கள். முதலாளி சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவார். அந்த நேரத்தில் மெஷின் எனக்கு. சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்த மத்தியானங்கள்தான் சம்பளம்.

விளையாட்டு என்றால் சுடுவது, ஓடுவது, குதிப்பது என்று நினைத்துவிட வேண்டாம். படம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும். கீழே மில் ஓடுகிற சத்தம்தான் பின்னணி இசை. மெஷினில் தமிழ் எழுத்து இல்லாததால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினேன். நீ எங்கே நிற்கிறாய் என்று திரை சொல்லும். 'போ' என்று தட்டி, பக்கத்தில் ஓர் இடத்தின் பெயரைத் தட்டினால் அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விடும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு முதல் முறையாக "நீ வாசலில் நிற்கிறாய். எங்கே போகிறாய்?" என்று எழுதி ஓட்டிப் பார்த்தபோது, கர்சர் என்கிற பச்சைக் கட்டம் மினுக்மினுக்கென்று அடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டு வாசல் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. 'போ தெரு' என்று தட்டினேன். தெருவும், குழாயடியில் குடங்களின் வரிசையும் வந்தன. நான் எழுதிய வரிதான். ஆனாலும் யாரோ எனக்குச் சொன்னது போல இருந்தது. கையில் மயிர் சிலிர்த்து நின்றது. எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். பச்சைக் கட்டம் இன்னும் மினுக்கிக்கொண்டு, அடுத்து எங்கே என்று கேட்டபடியே இருந்தது. என்னை அவ்வளவு பொறுமையாக யாரும் எதையும் கேட்டதில்லை.

அந்தக் கதை என் கதை. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாள். பேப்பரில் என் நம்பர் இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, பேப்பரைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டேன். பம்பாய்க்குப் போய்ப் பெரிய ஆளாகித் திரும்புவதாகத் திட்டம். பட்டாபிராமில் ரயில் ஏறினேன். டிக்கெட் எடுக்கவில்லை. பம்பாய் எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் தெரியாது. கறுப்புக் கோட்டு ஒன்று தூரத்தில் தெரிந்ததும் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டேன். ஆக, என் பம்பாய் நெமிலிச்சேரியில் முடிந்தது.

அங்கிருந்து வயல் வரப்பு, வெயில், ஒரு நுங்கு வண்டி என்று சுற்றிச் சுற்றி, எப்படியோ முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஒரு மைதானத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. ஒரு டீமில் ஆள் குறைவு. "மச்சான், சொம்மாதானே நிக்கற, பௌண்டரில நில்லு" என்றார்கள். வாழ்க்கையை வெறுத்து வீட்டைவிட்டு ஓடிவந்தவன் சாயங்காலம் வரை ஃபீல்டிங் செய்தேன். ஒரு கேட்ச் வந்தது. விட்டுவிட்டேன். அந்த டீம் என்னைத் திட்டிய திட்டில், இதற்கு வீடே தேவலை என்று திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்ததும் சமையல்கட்டுக்குள் போய்விட்டார். கொடியில் அப்பாவின் காக்கிப் பேன்ட் ஒன்று நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா வேறொரு பேன்ட் போட்டுக்கொண்டு ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் கடைசல் மிஷினில் அவருக்கு வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அந்தப் பேச்சு போகவில்லை. என்னைப் பார்த்தார்.

"சாப்ட்டியால?" என்றார்.

"ம்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. ஆனால் எனக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்துவிட்டது. நான் காலையிலிருந்து காணவில்லையே, இந்த மனிதர் என்னைத் தேடினாரா? இல்லை, பகலெல்லாம் படுத்துத் தூங்கி எழுந்து வழக்கம்போல் டூட்டிக்குக் கிளம்பினாரா? அடித்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். வருடங்கள் போகப் போக அந்தக் கேள்வியும் என்னோடு சேர்ந்து வளர்ந்தது. மீசைகூட எனக்கு முன்னால் அதற்குத்தான் முளைத்திருக்கும். வாயைத் திறந்து கேட்கத் தைரியம் இல்லை. கேட்டு, "இல்லையே" என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டால்?

அதனால்தான் விளையாட்டு. அந்த நாளை மெஷினுக்குள் வைத்தேன். வாசல், தெரு, ஸ்டேஷன், ரயில், நெமிலிச்சேரி, வரப்பு, நுங்கு வண்டி, மைதானம். எந்த வழியில் போனாலும் கடைசியில் வீட்டுக்குத்தான் வர முடியும். வந்தால், "அப்பா கிளம்பிக்கொண்டிருக்கிறார். சாப்பிட்டாயா என்கிறார்" என்று வரும். அதற்குப் பிறகு அந்தப் பச்சைக் கட்டம் மினுக்கும். அங்கே என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அப்பா அழுதார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இன்னொன்றில் கட்டிப்பிடித்தார், அழித்துவிட்டேன். எங்கள் அப்பா சைக்கிளைத் தவிர எதையும் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் சோகமாக இருக்கிறதே என்று, என் புத்தி சும்மா இருக்காமல் ஒரு வேலை செய்தது. விளையாடுகிறவர், விளையாட்டில் இல்லாத ஓர் இடத்தின் பெயரைத் தட்டினால் "அங்கே வழி இல்லை" என்று சொல்ல வேண்டும். வெறுமனே சொன்னால் என்ன சுவாரசியம்? பின்னாலேயே ஒரு திட்டும் சேர்த்தேன். மாணவர்கள் சிரிப்பார்கள் என்று நிறையத் திட்டுகள். எது எப்போது வரும் என்று எனக்கே தெரியாதபடி மெஷின் கலைத்துப் போடும்.

ஆயுத பூஜை வந்தது. அம்பத்தூர், ஆவடி, பாடி என்று எங்கள் பக்கம் முழுக்க அன்றைக்கு மிஷின்கள் சந்தனம் பூசிக்கொண்டு ஓய்வெடுக்கும். லேத்துக்கு மாலை, லாரிக்கு வாழைக்கன்று. எங்கள் முதலாளியும் விடவில்லை. காலையில் நான் விளையாட்டில் ஏதோ திருத்திக்கொண்டிருந்தபோதே வந்து, "போதும் நைனா, ஆஃப் பண்ணு, இன்னிக்கி மெசினுக்கு ரெஸ்ட்டு" என்று ஸ்விட்சை அணைத்துவிட்டார். நான் வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போனேன். என் ஃப்ளாப்பி மெஷினுக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் விஜயதசமி. ஓய்வெடுத்த ஆயுதத்தை மறுபடி கையில் எடுக்கிற நாள். முதலில் தொடுகிற கை நல்ல கையாக இருக்க வேண்டும். அதற்கு முதலாளி ஒரு கணக்கு வைத்திருந்தார்.

"காலம் பூரா மெசின்ல நின்னு, பத்து வெரலும் முழுசா கீற ஆளுதான் கை ராசி. எங்க பேட்டைல அத்தாம் மொற. உங்கப்பாவ இட்டுகினு வா."

அப்பா கடைசல் மிஷினில் இத்தனை வருடம் நின்றும் பத்து விரலும் பத்திரம். "அவருக்கு டூட்டி இருக்கு அண்ணாத்தே" என்றேன்.

"பூஜை லீவுல இன்னா டூட்டி? கூப்புடு."

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சைக்கிளை அவர் மிதித்தார். நான், கம்ப்யூட்டர் வாத்தியார், கேரியரில் கால் தரையில் உரசாமல் தூக்கிப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தேன். வழியில் என் மாணவி ஒருத்தி பார்த்துவிட்டாள் என்பதை இங்கே சொல்லாமலே விட்டிருக்கலாம்.

மாடியில் மெஷின் மணமகன் போல உட்கார்ந்திருந்தது. திரை நெற்றியில் சந்தனப் பொட்டு, தலையில் எலுமிச்சம்பழம். பக்கத்தில் தாம்பாளத்தில் பொரிகடலை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தாம்பாளத்தில் சென்டரின் ஃப்ளாப்பிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் விபூதி, சந்தனம், குங்குமம்.

அந்தக் காலத்து ஃப்ளாப்பி சதுரமான கறுப்பு உறை. உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். அந்தத் திறப்பு வழியாகத்தான் மெஷின் உள்ளே இருக்கும் தட்டைப் படிக்கும். விரல் பட்டாலே போச்சு. முதலாளி மிகச் சரியாக அந்தத் திறப்புக்குள் குங்குமம் வைத்திருந்தார்.

"அண்ணாத்தே! என்ன இது?"

"இன்னா இன்னாது? மெசினுக்கு மட்டும் வெச்சா போதுமா? உசிரு இதுலதான கீது, நீதான சொன்ன? கண்ணு மாரி ஒரு ஓட்ட கீது பாரு, அங்க வெச்சேன்."

நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். கணக்கு எழுதுகிற ஃப்ளாப்பி, கடிதம் அடிக்கிற ஃப்ளாப்பி, மெஷினை எழுப்புகிற ஃப்ளாப்பி, எல்லாம் சுமங்கலியாக இருந்தன. எதுவும் இனி பேசாது. சென்டரில் உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்று, மெஷினை எழுப்பவும் தெரிந்த என் விளையாட்டு ஃப்ளாப்பி. அது மெஷினின் வாய்க்குள், சந்தனம் எட்டாத இடத்தில், நேற்றுக் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தது.

"நல்ல நேரம் போய்டும். ஆன் பண்ணு" என்றார் முதலாளி.

ஆன் பண்ணினேன். வேறு வழி? மெஷின் முனகிற்று, விளையாட்டு வந்தது. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கீபோர்டில் எழுத்தெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. தொழிற்சாலை வரைபடங்களில் பார்த்துப் பழகியதால் அப்பாவுக்கு அது தடையில்லை. திரையை எழுத்துக் கூட்டிப் படித்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

இன்று ரிசல்ட். உன் நம்பர் இல்லை. நீ வாசலில் நிற்கிறாய். எங்கே போகிறாய்?

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன்.

"பையன் பெயிலு. ஊட்டவுட்டு எஸ்கேப்பு" என்று முதலாளி உற்சாகமாக விளக்கினார். "இப்ப எங்க போணும்னு நீங்க அடிக்கணும் சார். போன்னு அடிச்சிட்டு, எடத்து பேரு."

அப்பா சுட்டுவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். மிஷினில் பித்தானை அழுத்துகிறவர் போல, அழுத்திவிட்டு அது இறங்கியதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். தெரு என்று தட்டுவார், இல்லை ஸ்டேஷன் என்று தட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன்.

'போ கிணறு' என்று வந்தது.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு உண்டு. என் விளையாட்டில் அது இல்லை. நான் அன்றைக்கு அந்தப் பக்கமே போகவில்லை. மெஷின் பதில் சொன்னது:

அங்கே வழி இல்லை. கண்ணாடி வாங்கிப் போடு.

முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார். "இன்னா நைனா, அப்பாவையே கலாய்க்கற!" எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. தரைக்குக் கீழே மாவு மில்.

அப்பா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மறுபடி விரலைத் தூக்கினார். 'போ தண்டவாளம்.'

அங்கே வழி இல்லை. மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாயா?

"சார், அங்கெல்லாம் போ முடியாது, தெருன்னு அடிங்க" என்றார் முதலாளி. அப்பாவுக்குக் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் விளையாடிக்கொண்டிருக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே போகிறாய்? விரல் நகர்ந்தது. 'போ ஏரி.'

அங்கே வழி இல்லை. உன்னைப் பெற்றவர்களைச் சொல்ல வேண்டும்.

கொடியில் சொட்டிக்கொண்டிருந்த அந்தக் காக்கிப் பேன்ட். நான் அதைத் துவைத்துப் போட்டது என்று நினைத்திருந்தேன். ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்புகிற வீட்டில் விளக்கு வைத்த நேரத்தில் யார் துவைப்பார்கள்? இத்தனை வருடம் எனக்கு அது தோன்றவே இல்லை. இப்போது நான் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாருடைய சட்டை என்று கேட்டால், முதலாளியுடையது.

'போ ஆஸ்பத்திரி.'

அங்கே வழி இல்லை. வேறு வேலை இருந்தால் போய்ப் பார்.

முதலாளியின் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. மில்லின் சத்தம் மட்டும் காலுக்கடியில் ஓடியது. நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்த நாளின் ஊரை வரைந்திருந்தேன். அதில் பாதி ஊர் இல்லை. அந்தப் பாதியில் ஒரு மனிதர் சைக்கிளில் சுற்றியிருக்கிறார், கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறார், தண்டவாளத்தோடு நடந்திருக்கிறார், ஏரிக்குள் இறங்கியிருக்கிறார். நான் பௌண்டரியில் நின்ற அதே வெயிலில்.

அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுல ஏரி இல்லியா?"

"இல்லப்பா."

"இருந்துச்சேல."

"நான் அங்க போகலப்பா."

"எனக்கு எப்படில தெரியும்?"

பச்சைக் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது. அவரே கேட்டார்.

"அப்பம் எங்கதான் போன?"

"முத்தாபுதுப்பேட்டைல... கிரிக்கெட் ஆடிட்டு இருந்தாங்க. ஆள் பத்தலன்னு..."

"பேட்டிங்கா?"

"ஃபீல்டிங்."

"கேட்ச் ஏதும் புடிச்சியா?"

"ஒண்ணு வந்துச்சு. விட்டுட்டேன்."

"அதானே பாத்தேன்" என்றார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று முதலில் நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார். பெரும்பாலும்.

முதலாளி தாம்பாளத்தை நீட்டினார். "பொரி எத்துக்கோங்க சார்" என்றார். அவருடைய குரல் அவ்வளவு மெதுவாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தக் காலத்தில் புரோகிராம் எழுதும்போது வரிக்கு நம்பர் போட வேண்டும். பத்து, இருபது, முப்பது என்று இடம் விட்டு விட்டுப் போடுவோம், நடுவில் எதையாவது மறந்திருந்தால் நுழைக்க. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஏன் என்று சொன்னதில்லை. நான் என் மாணவர்களுக்குச் சொன்னதும் இல்லை. அப்பாவின் கிணறும் தண்டவாளமும் அந்த இடைவெளிகளில் போய் உட்கார்ந்தன. ஒரு வரியைக்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை. அவர் வருவார் என்று அந்த இடம் முன்பே தெரிந்து காலியாக இருந்த மாதிரி இருந்தது. முட்டாள்தனமான எண்ணம்தான். ஆனால் அன்றைக்கு அந்த மாடியில், குங்குமம் வைத்த ஃப்ளாப்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, நான் அதைத்தான் நினைத்தேன்.

விவரம் வேண்டியிருந்தது. சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"அப்பா, ஏரில தண்ணி எவ்ளோ இருந்துச்சு?"

நிமிராமல் முழங்காலுக்கு மேல் கையை வைத்துக் காட்டினார். "உள்ள போகப் போகக் கூடுச்சு" என்றார். இன்னொரு நாள், கேட்காமலே, "ஆஸ்பத்திரில வாட்ச்மேன் உள்ள விடல. பொறவு விட்டான்" என்றார். செய்தி அப்படித்தான் வரும், எண்ணெய் சொட்டுகிற வேகத்தில்.

புது விளையாட்டில் 'நீ' என்பது பையன் இல்லை. சைக்கிளில் போகிற அப்பா. திட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டேன். அவருக்காக ஒரு குறுக்கு வழியும் வைத்தேன். வாசலில் நின்றபடி 'போ மைதானம்' என்று தட்டினால் நேராக முத்தாபுதுப்பேட்டை. பௌண்டரியில் ஒரு மண்டு நின்றுகொண்டிருப்பான். கதை அங்கேயே முடிந்துவிடும். இதை அவரிடம் தெளிவாகச் சொல்லித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்டருக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தேன்.

அப்பா திரையைப் படித்தார். சுட்டுவிரலைத் தூக்கினார். 'போ கிணறு' என்று தட்டினார்.

"அப்பா, மைதானம்னு அடிங்க. பையன் அங்கதான் இருக்கான். சொன்னேன்ல?"

"தெரியும்ல."

"அப்புறம்?"

"இத ஒருக்கப் பாத்துட்டுப் போயிருவோம்" என்றார்.

கிணற்றை எட்டிப் பார்க்கிறாய். யாரும் இல்லை என்று திரையில் வந்தது. அப்பா அதை வாய் அசைத்துப் படித்தார், மூச்சை விட்டார், அடுத்ததற்கு விரலைத் தேடினார். தண்டவாளம். யாரும் இல்லை. ஏரி. தண்ணீர் முழங்காலுக்கு மேல். யாரும் இல்லை. ஒவ்வொரு 'யாரும் இல்லை'க்கும் அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டு வந்ததை நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரைக் கண்ணாடியில் பார்த்தேன். நான் எழுதிய வாக்கியங்களிலேயே நல்ல வாக்கியம் அதுதான். அதற்கு மேல் ஒன்று இன்னும் எழுதவில்லை.

மைதானத்துக்கு அவர் கடைசியாகத்தான் வந்தார். பையன் பந்தை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தான். அவனிடம் என்ன சொல்கிறாய் என்று திரை கேட்டது. பச்சைக் கட்டம் மினுக்கியது. அப்பா சுட்டுவிரலைத் தூக்கினார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தார்.

முதல் எழுத்துகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.